ஆள் இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி

சனிக்கிழமை காலைல ஒரு பத்து மணி இருக்கும், கல்மண்டபத்துல பஸ்ஸ விட்டு எறங்கி ஆபீஸ் படியேறிட்டு இருக்கேன், மேல இருந்தே டாக்குமென்டேஷன் அக்கா கூப்புடுறாங்க, "தம்பி, மணலிக்கு டிஓ வர்லயாம்பா, லைன்காரங்க நேத்து சாயங்காலமே அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, நீ கொஞ்சம் இன்னான்னு பாரு"ன்னு. டிஓன்னா டெலிவரி ஆர்டர், லைன்காரங்க, அதாவது கப்பல் கம்பெனிக்காரங்க, குடுக்குறது, அது கைக்கு வராம யார்டுல இருந்து ஒரு கன்டெய்னரும் வெளிய வராது. எங்களுது துறைமுகத்துக்கு வர்ற சரக்க கஸ்டம்ஸ்ல முடிச்சு வெளிய எடுத்துக் குடுக்குற க்ளியரிங் ஆபீஸ், இந்தப் பேப்பர்தான் எங்க சோறு.

பைய கூட கழட்டாம உக்காந்து கேட்வே லாக்க, அதாவது வெளி மெயில் வர்ற வாசல் சர்வரோட பதிவேட்ட, தொறந்தேன். ராத்திரி பூரா வரிசையா 550, 550, 550. யூசர் அன்னோன். எல்லாமே மணலி ஆபீஸ் ஆளுங்க அட்ரஸ். அதாவது எங்க மெயில் கேட்வே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து மணலிக்கு வந்த ஒவ்வொரு மெயிலையும் வாசல்லயே நிறுத்தி "அப்படி ஒரு ஆளே இங்க இல்ல"ன்னு சொல்லி திருப்பி அனுப்பியிருக்கு. எண்ணிப் பார்த்தேன், 43 மெயில். அதுல ஒண்ணு அந்த டிஓ.

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். எல்டாப் டைரக்டரிய, அதாவது ஆபீஸ் ஆளுங்க விவரமெல்லாம் இருக்குற பொதுப் பட்டியல, பாத்து மெயில் ரூட் பண்றது எப்படின்னு கேக்குறவங்க நெறைய பேரு, அதுக்கு கான்ஃபிக் ஃபைல்தான் எல்லாரும் குடுப்பாங்க. நான் ஃபைல ஒட்டப் போறதில்ல, எந்த வரி எதுக்குன்னு தெரியாம ஒட்டினா என்ன ஆகும்னு கூட இருந்து பாத்தவன் நான், அதனால வாயால சொல்ற மாதிரியே சொல்றேன்.

முதல்ல எங்க கதை. டொமைன் ஒண்ணுதான், ஆனா மெயில்பாக்ஸ் மூணு எடத்துல இருக்கு. ராயபுரம் ஹெட் ஆபீஸ் ஆளுங்களுக்கு இங்கயே ஒரு சர்வர். மணலி யார்டு ஆபீசுக்கு தனியா ஒரு சர்வர், ஏன்னா அந்தப் பக்கம் லைன் அடிக்கடி போயிடும், நெட் இல்லாட்டியும் அவங்களுக்குள்ள மெயில் ஓடணும்னு பழைய ஆளு ஒருத்தர் வச்சிட்டுப் போனது. அப்புறம் சுத்திக்கிட்டே இருக்குற மார்க்கெட்டிங் ஆளுங்களுக்கு க்ளவுட்ல. மொத்தம் ஒரு 180 பேரு. வெளிய இருந்து வர்ற எல்லா மெயிலும் மொதல்ல ஒரு கேட்வேக்கு வரும், அது ஒரு வாடகை சர்வர்ல ஓடுற டெபியன் லினக்ஸ், மேல போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சாஃப்ட்வேர். வந்த மெயிலு மூணுல எந்த எடத்துக்குப் போகணும்ங்கறத அந்த கேட்வேதான் முடிவு பண்ணணும்.

இங்கதான் நெறைய பேருக்கு குழப்பம் வருது. ஒரு டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு டிஎன்எஸ்ல எழுதி வைக்கிற எம்எக்ஸ் ரெக்கார்டு இருக்கே, அது பத்தாதான்னு கேப்பாங்க. எம்எக்ஸ் டொமைன் வரைக்கும்தான் வழி காட்டும். 600013ன்னு பின்கோடு போட்டா லெட்டரு ராயபுரம் போஸ்டாபீஸ் வரைக்கும் வந்துடும், அதுக்கப்புறம் எந்த தெரு எந்த மாடிங்கறது பின்கோடுக்கு தெரியாது, அது பீட்டு போஸ்ட்மேனுக்குதான் தெரியும். ஒரே டொமைன்ல ஆளுக்கு ஒரு எடம்னா, ஆள் வாரியா யாரு எங்க இருக்காங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர் வாசல்ல உக்காந்திருக்கணும்.

முன்னாடி எப்படி பண்ணிட்டு இருந்தோம்னா, டெக்ஸ்ட் ஃபைல். ட்ரான்ஸ்போர்ட்னு ஒரு ஃபைல்ல ஒரு பக்கம் அட்ரஸ், இன்னொரு பக்கம் சர்வர் பேரு. 180 வரி. ஆள் புதுசா சேர்ந்தா ஒரு வரி, போனா ஒரு வரி தூக்கணும், தூக்கிட்டு போஸ்ட்மேப் கமாண்ட அடிக்கணும், மறந்தா பழசுதான் ஓடும். இது போதாதுன்னு எந்தெந்த ஆள் உள்ள இருக்காங்கன்னு ரிசிப்பியன்ட் லிஸ்ட் இன்னொரு ஃபைல். எங்க தொழில்ல ஆளுங்கள ராயபுரத்துல இருந்து மணலிக்கும் மணலில இருந்து ராயபுரத்துக்கும் மாத்திக்கிட்டே இருப்பாங்க, ஒருத்தர மாத்தினப்ப நான் ஒரு ஃபைல மாத்தி இன்னொண்ண விட்டுட்டேன், அவரு மெயிலெல்லாம் யாரும் தொறக்காத பழைய பெட்டில ஒன்பது நாளு விழுந்துட்டு இருந்திருக்கு. யாருக்கும் எரர் வரல, மெயில் திரும்பி வர்ற பவுன்ஸும் வரல. அன்னிக்குதான் முடிவு பண்ணேன், ஆளு எங்க இருக்காருங்கற விஷயம் ஒரே ஒரு எடத்துல எழுதியிருக்கணும், எல்லாரும் அங்கதான் போயி கேக்கணும்.

அந்த ஒரு எடம்தான் டைரக்டரி. எல்டாப் 1993லயே மிச்சிகன் யூனிவர்சிட்டி பக்கம் இருந்து வந்தது, எக்ஸ்.500ன்னு ஒரு பெரிய பாரமான டைரக்டரி சமாச்சாரத்துக்கு லேசான வாசலா போட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் 1998ல ஐபிஎம்ல இருந்தப்ப வீட்ஸே வெனிமா எழுதி வெளிய விட்டது. ரெண்டும் பழசுதான், பழசுங்கறதாலதான் நம்பி வச்சேன்.

எங்க ஆபீஸ்ல லாகின் எல்லாம் ஏற்கனவே ஓப்பன்எல்டாப்ங்கற டைரக்டரி சாஃப்ட்வேர்ல இருந்துச்சு. அது கூடவே மிஸ்க்னு ஒரு ஸ்கீமா ஃபைல் வரும், ஒரு ஆளப் பத்தி என்னென்ன எழுதலாம்னு சொல்றது, அதுல ஐநெட் லோக்கல் மெயில் ரிசிப்பியன்ட்னு ஒரு ஆப்ஜெக்ட் கிளாஸ், படிவம் மாதிரி. மெயில் ரூட்டிங்குக்குன்னே யோசிச்சு வச்சது, சென்ட்மெயில் காலத்துல இருந்து இருக்கு. அதுல மூணே மூணு அட்ரிபியூட், அதாவது படிவத்துல இருக்குற கட்டம், அதுதான் நமக்கு வேணும். மெயில் லோக்கல் அட்ரஸ்னா இந்த ஆளுக்கு வரக்கூடிய அட்ரஸ், ஒருத்தருக்கு நாலு கூட போடலாம், பழைய பேரு, டிபார்ட்மென்ட் பேரு எல்லாம். மெயில் ஹோஸ்ட்னா அவரு பெட்டி இருக்குற சர்வரோட முழுப் பேரு. மெயில் ரூட்டிங் அட்ரஸ்னா உள்ள போறப்ப அட்ரஸயே மாத்தணும்னா எதா மாத்தணும்ங்கறது. நாங்க முதல் ரெண்டு மட்டும் எடுத்துக்கிட்டோம்.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் வேலை கொஞ்சம்தான். டெபியன்ல எல்டாப் சப்போர்ட் தனி பேக்கேஜ், அத போடாம உக்காந்து மண்டைய உடைச்சுக்காதீங்க. அப்புறம் எல்டாப் விவரத்த மெயின் கான்ஃபிக்லயே எழுத வேணாம், தனி ஃபைல்ல எழுதுங்க, ஏன்னா அந்த மெயின் ஃபைல எல்லாரும் படிக்கிற மாதிரிதான் வச்சிருக்கணும், பாஸ்வேர்டு அதுல இருக்கக்கூடாது. தனி ஃபைலுக்கு ஓனர் ரூட்டு, குரூப்பு போஸ்ட்ஃபிக்ஸ், மத்தவனுக்கு படிக்கிற உரிமையே குடுக்காதீங்க.

அந்த ஃபைல்ல என்னென்ன இருக்கும்னா, எந்த சர்வர கேக்கணும், எந்த மரத்துக் கிளைல இருந்து தேட ஆரம்பிக்கணும், எப்படி தேடணும், கெடைச்ச என்ட்ரில இருந்து எந்த அட்ரிபியூட்ட எடுத்துக்கிட்டு வரணும். தேடுற ஃபில்டர்ல மெயில் லோக்கல் அட்ரஸ் சமம் பர்சன்ட் எஸ்னு போட்டா வந்த அட்ரஸ் அப்படியே அங்க உக்காரும், வெளியாளு எவனாவது அட்ரஸ்ல அடைப்புக்குறி ஸ்டார்னு போட்டு விஷமம் பண்ணாலும் போஸ்ட்ஃபிக்ஸே அத எஸ்கேப் பண்ணிடும். எடுத்துட்டு வர்றது மெயில் ஹோஸ்ட். கடைசியா ரிசல்ட் ஃபார்மேட், இங்க கொஞ்சம் நின்னு கேளுங்க.

ரிசல்ட் ஃபார்மேட்ல எஸ்எம்டிபி (மெயில் சர்வருங்க தங்களுக்குள்ள பேசிக்கிற மொழி), கோலன், அதுக்கப்புறம் ஸ்கொயர் ப்ராக்கெட்டுக்குள்ள பர்சன்ட் எஸ். அந்த ப்ராக்கெட் அழகுக்கு இல்ல. ப்ராக்கெட் இருந்தா "இந்தப் பேரோட ஐபிக்கு நேரா போ"ன்னு அர்த்தம், இல்லாட்டி போஸ்ட்ஃபிக்ஸ் அந்த சர்வர் பேருக்கு எம்எக்ஸ் இருக்கான்னு மறுபடியும் டிஎன்எஸ்ல தேடும். எங்க மணலி சர்வர் பேருக்கு எந்தக் காலத்துலயோ யாரோ ஒரு எம்எக்ஸ் போட்டு வச்சிருக்காங்க, அது எங்க கேட்வேயவே காட்டுது. ப்ராக்கெட் இல்லாம முதல் நாளு ஓட்டினேன், கேட்வே மெயில எடுத்து யாருக்குன்னு பாத்துச்சு, எம்எக்ஸ் தேடுச்சு, பாத்தா அதே அதுதான், "இந்த மெயில் என்கிட்டயே திரும்பி வருது"ன்னு லாக்ல எழுதிட்டு பவுன்ஸ் பண்ணிடுச்சு. அது டெஸ்ட் மெயிலுங்கறதால தப்பிச்சேன்.

இன்னும் ரெண்டு விஷயம், இதெல்லாம் எங்கயும் சத்தமா சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, ட்ரான்ஸ்போர்ட் தேடல்ல போஸ்ட்ஃபிக்ஸ் முழு அட்ரஸ மட்டும் கேக்காது, அது கெடைக்கலன்னா வெறும் டொமைன கேக்கும், அதுக்கு மேல இருக்குற டொமைன கேக்கும், வெளிய போற மெயிலுக்கும் இதே கேள்விதான். ஜிமெயிலுக்கு போற மெயிலுக்கெல்லாம் நம்ம டைரக்டரி எதுக்கு பதில் சொல்லணும்? டொமைன்னு ஒரு பாராமீட்டர் இருக்கு, அதுல நம்ம டொமைன் பேர போட்டுட்டா நம்ம அட்ரஸ மட்டும்தான் டைரக்டரி வரைக்கும் கொண்டுபோகும். எங்க டைரக்டரிக்கு வந்த கேள்வி பாதிக்கு மேல கொறஞ்சுது. ரெண்டாவது, மெயில் லோக்கல் அட்ரஸுக்கு இன்டெக்ஸ் போடுங்க. போடலன்னா ஒவ்வொரு மெயிலுக்கும் டைரக்டரி முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பொரட்டும், லாக்ல "இன்டெக்ஸ் இல்ல"ன்னு அதுவே பொலம்பும், காது குடுத்து கேளுங்க.

ஆமா, மெயின் கான்ஃபிக்ல எல்டாப்னு நேரா எழுதாம முன்னாடி ப்ராக்ஸின்னு சேத்துக்கோங்க. இல்லாட்டி ஒவ்வொரு எஸ்எம்டிபி ப்ராசஸும் தனித்தனியா டைரக்டரிக்கு கனெக்ஷன் போடும், ஸ்பேம்காரன் ஒரு நூறு கனெக்ஷன் தொறந்தா டைரக்டரிக்கும் நூறு போகும். அதோட எங்க டெபியன்ல அந்த ப்ராசஸ் எல்லாம் சிஎச்ரூட்ங்கற ஒரு கூண்டுக்குள்ள ஓடுது, கூண்டுக்குள்ள இருந்து டைரக்டரியோட ரகசியமா பேசத் தேவையான டிஎல்எஸ் சர்டிஃபிகேட்ட பாக்க முடியாது, எல்லாருக்கும் சேத்து தேடிக் குடுக்குற ப்ராக்ஸிமேப் கூண்டுக்கு வெளிய இருக்கு. இந்த ஒரு வார்த்தைல எனக்கு ரெண்டு பிரச்சன தீந்துச்சு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். ரூட்டிங்குக்கு மட்டும் டைரக்டரிய கேட்டா பத்தாது, இந்த ஆளு நம்மகிட்ட இருக்காரான்னு வாசல்லயே கேக்கணும், அதுக்கு ரிலே ரிசிப்பியன்ட் மேப்ஸ். அத காலியா விட்டா போஸ்ட்ஃபிக்ஸ் நம்ம டொமைன் பேரு போட்டு வர்ற எல்லா அட்ரஸயும் வாங்கிக்கும், உள்ள கொண்டுபோனப்புறம் பின்னாடி சர்வர் "ஆள் இல்ல"ன்னு சொல்லும், அப்ப அனுப்புனவருக்கு பவுன்ஸ் போகும், ஸ்பேம்ல அனுப்புனவர் பேரு பொய்யாதான் இருக்கும், அப்ப நாம சம்பந்தமே இல்லாத யாருக்கோ குப்பைய கொட்டுறோம். நாலு நாளு இப்படி விட்டா நம்ம ஐபி ப்ளாக்லிஸ்ட்ல. அதனால வாசல்லயே கேட்டுத்தான் ஆகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. இன்னொண்ணு, டொமைன் பேரு ரிலே டொமைன்ஸ்ல மட்டும் இருக்கணும், மை டெஸ்டினேஷன்லயும் இருந்தா கேட்வே அத தன்னோட சொந்த டொமைன்னு நெனச்சுக்கும், வேற சட்டம் ஓடும்.

வாசல்ல கேட்டா டைரக்டரிகிட்ட இருந்து மூணு விதமா பதில் வரலாம். இருக்காரு. இல்ல. இல்லாட்டி பதிலே வராது. முதல் பதில் வந்தா மெயில் உள்ள போகும். ரெண்டாவதுக்கு 550, நிரந்தரமா இல்லன்னு அர்த்தம், அனுப்புற சர்வர் அதோட கைய கழுவிடும், மறுபடி வராது. மூணாவதுக்கு 451, இப்ப பாக்க முடியல அப்புறமா வாங்கன்னு அர்த்தம், அனுப்புற சர்வர் மெயில தன்கிட்டயே வச்சிக்கிட்டு திரும்பத் திரும்ப வரும். எஸ்எம்டிபிக்கு விதி சொல்ற ஆர்எஃப்சி 5321ல எழுதியிருக்கு, முயற்சிக்கு நடுவுல அரை மணியாவது விடு, விட்டுடறதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளாவது முயற்சி பண்ணுன்னு. போஸ்ட்ஃபிக்ஸ் தானா அஞ்சு நாளு வச்சிருக்கும்.

எங்க யார்டு கேட்டுல நின்னு பாத்தவங்களுக்கு இது டக்குனு புரியும். ட்ரெய்லர் வருது, செக்யூரிட்டி லிஸ்ட்ல கன்டெய்னர் நம்பர பாக்குறாரு. நம்பர் இருந்தா உள்ள. சிஸ்டம் ஹேங் ஆயிருந்தா "ஓரமா நிறுத்துபா, வந்தொடன கூப்புடறேன்"னு சொல்லுவாரு, டிரைவர் திட்டிக்கிட்டே ஒரு டீய குடிச்சிட்டு நிப்பாரு, சரக்கு எங்கயும் போகாது. ஆனா "இந்த யார்டு இல்ல, திரும்பிப் போ"ன்னு சொல்லிட்டா அவ்ளோதான், அந்த வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல திரும்பி, அந்த லாரி க்யூல மறுபடி கடைசில நின்னு, எப்ப வரும்னு கடவுளுக்குதான் தெரியும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப இத நேர்ல பாத்தேன். டைரக்டரி சர்வர் அப்ப ராயபுரம் ஆபீஸ்ல மட்டும்தான் இருந்துச்சு. நாலாம் தேதி காலைலயே கரன்ட் போச்சு, யூபிஎஸ் எவ்ளோ நேரம் தாங்கும், மத்தியானத்துக்குள்ள எல்லாம் ஆஃப். கொருக்குப்பேட்டைல எங்க தெருவுலயே முட்டி வரைக்கும் தண்ணி, ஆபீஸுக்கு போக வழி இல்ல, ஃபோன்ல டவர் இல்ல. நான் வீட்ல உக்காந்து இதேதான் நெனச்சிட்டு இருந்தேன், வாடகை சர்வர்ல கேட்வே ஓடுது, அதுக்கு பதில் சொல்ல டைரக்டரி இல்ல, எத்தன மெயில் செத்துச்சோன்னு. மூணாவது நாளு ராத்திரி கரன்ட் வந்துச்சு, மறுநாள் காலைல போயி சர்வர ஏத்தினேன். லாக்ல பக்கம் பக்கமா 451, டெம்ப்பரரி லுக்கப் ஃபெயிலியர். அப்புறம் பத்தரை மணிக்கு மேல ஒண்ணு ஒண்ணா வர ஆரம்பிச்சுது, சாயங்காலம் வரைக்கும் வந்துகிட்டே இருந்துச்சு. லைன்காரங்க, போர்ட்டு, பேங்க்கு, எங்க தூத்துக்குடி பார்ட்டிங்கன்னு ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணி கேட்டேன், அனுப்பினது எல்லாம் வந்திருக்கு. ஒரு மெயில் கூட தொலஞ்சு போகல. வெனிமாவுக்கு மனசார நன்றி சொன்னேன், தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு யோசிச்சு எழுதியிருக்காரு அந்த மனுஷன்.

அந்த தைரியத்துலதான் அடுத்த வருஷம் நான் தப்பு பண்ணேன்.

அது வரைக்கும் டைரக்டரில எல்லாரும் பீப்பிள்னு ஒரே கிளைல இருந்தாங்க. மணலி ஆளுங்க பாஸ்வேர்டு எல்லாம் அங்கயே ஒருத்தர் பாத்துக்கட்டும்னு மணலிக்கு தனியா ஒரு கிளை போட்டு, ஆளுங்கள அங்க நகத்தினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. தேடல் ஆரம்பிக்கிற எடம் மரத்தோட அடில இருந்துதான், அதனால எந்தக் கிளைல இருந்தாலும் கெடைக்கும்னு தெரியும். இருந்தாலும் சரி பாக்காம போகல. அட்மின் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி மணலி ஆளு ஒருத்தர தேடினேன், வந்துச்சு. இன்னும் ரெண்டு பேர தேடினேன், வந்துச்சு. லைட்ட அணைச்சிட்டு கெளம்பிட்டேன்.

கேட்வே டைரக்டரிய கேக்குறதுக்கு ஒரு தனி அக்கவுன்ட் இருக்கு, படிக்க மட்டும்தான் உரிமை, அதுவும் பீப்பிள் கிளைல மட்டும். அந்த உரிமைய எழுதினதே நான்தான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. புதுக் கிளைக்கு அந்த அக்கவுன்ட்டுக்கு உரிமை குடுக்கல. உரிமை இல்லன்னா எரர் வரும்னுதானே நெனப்போம்? வராது. ஓப்பன்எல்டாப் தேடும்போது உனக்கு காட்டக்கூடாத என்ட்ரிய காட்டாமயே விட்டுடும், "தேடல் வெற்றி, கெடைச்சது பூஜ்ஜியம்"னு பதில் வரும். அட்மின்னு நான் லாகின் பண்ணது ரூட் டிஎன், டைரக்டரிக்கே முதலாளி அக்கவுன்ட், அதுக்கு எந்தத் தடையும் கெடையாது, எல்லாமே தெரியும். நான் பாத்தா ஆள் இருக்காரு, கேட்வே பாத்தா இல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் என்ன பண்ணும், டைரக்டரி தெளிவா பதில் சொல்லிடுச்சு, யாரும் இல்லன்னு. 550.

மூணு நாளு டைரக்டரி செத்துக் கெடந்தப்ப ஒரு மெயில் போகல. ஒரு ராத்திரி உயிரோட இருந்து தப்பா பதில் சொன்னப்ப 43 மெயில் போச்சு. இத நெனச்சு நெனச்சு அந்த வாரம் பூரா தூக்கம் வரல.

டிஓவ மறுபடி அனுப்பச் சொல்லி லைன்காரங்க ஆபீஸ்ல ஆள புடிக்கவே மத்தியானம் ஆயிடுச்சு. அவங்க சிஸ்டம் தானா அனுப்புது, அதுக்கு வந்த பவுன்ஸ் யாரும் பாக்காத நோ ரிப்ளை பெட்டில விழுந்திருக்கு, அவங்கள குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, நாம 550 சொன்னா அவங்க நிறுத்துறதுதான் மொறை. டிஓ கைக்கு வந்து, மத்த பேப்பர் ஆகி, சனிக்கிழமை யார்டு முடிஞ்சு, ஞாயித்துக்கிழமை போயி, திங்கக்கிழமைதான் கன்டெய்னர் வெளிய வந்துச்சு. காசு இல்லாம வச்சிருக்க விடுற ஃப்ரீ டேஸ் சனிக்கிழமையோட முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு நாள் டிமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். சரக்கு மண்ணடில ஹார்டுவேர் கடை வச்சிருக்குற ஒரு பாயோடது, கீலு, தாப்பா, பூட்டு, வருஷத்துக்கு ரெண்டு மூணு கன்டெய்னர் எடுக்குறவரு, பெரிய பார்ட்டி இல்ல.

சார்கிட்ட போயி நடந்தத நடந்த மாதிரி சொன்னேன். தப்பு என்னோடதுன்னும் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "பாய்கிட்ட நீயே போயி சொல்லு, காச நாம பாத்துக்கலாம்"னாரு. மண்ணடி போனேன். பாய் உக்கார வச்சி டீ வாங்கிக் குடுத்து முழுசா கேட்டாரு. எல்டாப் எதுவும் நான் சொல்லல, வாசல்ல இருந்த மெஷினு உங்க மெயில ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிடுச்சுன்னு மட்டும் சொன்னேன். அவரு சொன்னாரு, "தம்பி, இப்ப கடை மூடியிருக்கு, அப்புறம் வாங்கன்னு சொல்லியிருந்தா அவன் சாயங்காலம் மறுபடி வந்திருப்பான்ல. அப்படி ஒரு கடையே இந்தத் தெருவுல இல்லன்னுல்ல சொல்லி அனுப்பிட்டீங்க."

ஆர்எஃப்சில பக்கம் பக்கமா இருக்குறத அந்த மனுஷன் கல்லாவுல உக்காந்துகிட்டு சொல்லிட்டாரு.

அதுக்கப்புறம் என்னென்ன மாத்தினேன்னு சொல்றேன், உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. டைரக்டரியோட ஒரு ரெப்ளிகா, அதாவது நகல், இப்ப கேட்வேலயே ஓடுது, சிங்க்ரெப்ல்னு ஓப்பன்எல்டாப்லயே இருக்குற வசதிதான், ராயபுரத்துல கரன்ட் போனாலும் கேட்வே பக்கத்துலயே கேட்டுக்கும், அது இல்லாட்டி ராயபுரத்த கேக்கும், சர்வர் பேரு ரெண்டு எழுதினா வரிசையா முயற்சி பண்ணும். ஆனா இது மிக்ஜாம் மாதிரி பிரச்சனைக்குதான் மருந்து, வெள்ளிக்கிழமை பிரச்சனைக்கு இல்ல. ரெப்ளிகாவும் அதே உரிமைய வச்சிருந்தா அதே பொய்யதான் சொல்லும்.

அதுக்கு மருந்து வேற. முதல்ல, அட்மின் அக்கவுன்ட்ல தேடிப் பாக்குறத அடியோட நிறுத்தினேன். டைரக்டரில எத தொட்டாலும் கேட்வேக்கு போயி, போஸ்ட்மேப் கமாண்டுக்கு மைனஸ் க்யூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல ஒரு அட்ரஸ குடுத்து, எந்த எல்டாப் ஃபைல போஸ்ட்ஃபிக்ஸ் பாக்குதோ அதே ஃபைல குடுத்து கேப்பேன். அதே அக்கவுன்ட், அதே ஃபில்டர், அதே கண்ணு. பதில் வந்தா சர்வர் பேரு வரும், இல்லாட்டி ஒண்ணுமே பேசாம திரும்பிடும். அந்த மௌனம்தான் 550. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவ இத அடிச்சிருந்தா போதும், பத்து செகண்டு வேல.

அடுத்தது ஒரு சின்ன ஸ்க்ரிப்ட். ஒவ்வொரு கிளைலயும் ஒரு ஆள் பேர எழுதி வச்சிருக்கேன், நிஜமான ஆளு இல்ல, இதுக்குன்னே போட்ட என்ட்ரி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேட்வே கண்ணால அவங்கள தேடும். ஒருத்தர் காணலன்னாலும் எனக்கு எஸ்எம்எஸ் வரும், அது மட்டும் இல்லாம அன்னோன் ரிலே ரிசிப்பியன்ட் ரிஜெக்ட் கோடுன்னு ஒரு செட்டிங் இருக்கு, வழக்கமா 550, அத 450ன்னு மாத்தி போஸ்ட்ஃபிக்ஸ ரீலோடு பண்ணிடும். அதாவது டைரக்டரி மேல சந்தேகம் வந்த அந்த நிமிஷத்துல இருந்து கேட்வே யாரையும் இல்லன்னு சொல்லாது, அப்புறம் வாங்கன்னுதான் சொல்லும். நான் வந்து பாத்து சரி பண்ணி மறுபடி 550 ஆக்குற வரைக்கும் ஸ்பேம்காரனும் அப்புறம் வருவான், வரட்டும், அது பரவால்ல.

எங்ககிட்ட புதுசா ஒரு ஜூனியர் பையன் சேந்திருக்கான், வியாசர்பாடி பையன், நல்லா கத்துக்குறான். அவன் கேட்டான், "ண்ணா, எப்பவுமே 450லயே வச்சிட்டா இன்னா? வம்பே இல்லல்ல"ன்னு. நல்ல கேள்விதான். நானும் அந்த பயத்துல ரெண்டு வாரம் அப்படித்தான் வச்சிருந்தேன். ஆனா நெஜமாவே அட்ரஸ தப்பா அடிச்ச ஒரு கஸ்டமருக்கு அது தப்புன்னு அஞ்சு நாளு கழிச்சிதான் தெரியும், அது வரைக்கும் மெயில் போயிடுச்சுன்னு நெனச்சிட்டு இருப்பாரு. உண்மையா இல்லாத ஆள இல்லன்னு ஒடனே சொல்றதும் ஒரு மரியாதைதான். ஒரு செட்டப்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துற காலத்துல, புதுசா கான்ஃபிக் போடுற மொத ஒரு மாசம், 450ல வைங்க, லாக்க தினமும் பாருங்க, நம்பிக்கை வந்தப்புறம் 550. சாஃப்ட் பவுன்ஸ்னு ஒரு செட்டிங்கும் இருக்கு, அத யெஸ்னு வச்சா நிரந்தரமான எரர் எல்லாத்தையும் போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிகமா ஆக்கிடும், மாத்துற அன்னிக்கு ஒரு நாளைக்கு அது நல்ல காவல்.

இன்னொரு விஷயம் விட்டுட்டேன். ட்ரான்ஸ்போர்ட் வேணாம், விர்ச்சுவல் அலியாஸ்ல அட்ரஸயே மணலி சர்வர் பேரு போட்ட அட்ரஸா மாத்திடுங்கன்னு சிலர் சொல்லுவாங்க, மெயில் ரூட்டிங் அட்ரஸ் இருக்குறதே அதுக்குதான். அதுல மெயில் உள்ள வர்றப்ப ஒரு தடவ தேடினா போதும், ட்ரான்ஸ்போர்ட்னா க்யூல இருந்து அனுப்புறப்ப தேடும், டைரக்டரி நிதானமா பதில் சொன்னா க்யூவே நிதானமாயிடும். நெறைய மெயில் ஓடுற எடத்துக்கு அதுதான் சரி, நான் ஒத்துக்குறேன். ஆனா எங்களுக்கு ஆளுங்கள அடிக்கடி மாத்துவாங்க, க்யூல நிக்கிற மெயிலும் ஆள் மாறின புது எடத்துக்கே போகணும், அதனால அனுப்புற நேரத்துல கேக்குறதுதான் எங்களுக்கு ஒத்து வருது. 180 பேருக்கு வேகம் ஒரு பிரச்சனையும் இல்ல.

பாய் இன்னும் எங்ககிட்டதான் சரக்கு எடுக்குறாரு. போன மாசம் அவரு கன்டெய்னர் வந்தப்ப டிஓ மெயில் கேட்வே தாண்டி மணலி பெட்டில விழுந்ததா நான் லாக்ல பாத்துட்டுதான் வீட்டுக்கு கெளம்பினேன், பழக்கமாயிடுச்சு.

நேத்து மணலி ஆபீஸுக்கு ஒரு பொண்ணு புதுசா ஜாயின் பண்ணுச்சு. ஜூனியர் பையன்தான் டைரக்டரில என்ட்ரி போட்டான், மெயில் ஹோஸ்ட்ல மணலி சர்வர் பேரு. போட்டுட்டு எழுந்து போகப் பாத்தான், ஏதும் சொல்லாம நான் அவன பாத்தேன், உடனே உக்காந்து கேட்வேக்கு போயி போஸ்ட்மேப் அடிச்சான். ஸ்கொயர் ப்ராக்கெட்டோட மணலி சர்வர் பேரு ஸ்க்ரீன்ல வந்துச்சு. "இருக்காங்கண்ணா"ன்னான்.